முழவுப் பட்டியலும் சமூகப் படிநிலையும்: தாளப்பொறிகளின் ஒலித்தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினியில் இயங்கும் தாள மென்பொருள் ஒன்றைத் திறப்போர்க்கு முதலிற் புலனாவது ஓசையன்று. ஒரு பெயர்ப் பட்டியலே. பேஸ் டிரம், ஸ்னெயர், ஹை-ஹட், டொம், சிம்பல் என ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட பெயர்கள் இடப்புறத்தே நிற்க, வலப்புறத்தே 16 கட்டங்களாகப் பகுக்கப்பட்ட வெற்றுவெளி விரிந்து கிடக்கும். பயன்படுத்துவோர் கட்டங்களைப் பற்றிச் சிந்திப்பர். பெயர்களைப் பற்றிச் சிந்திப்பது அரிது. எவ்வொலிகள் இடம்பெற்றன, எவை பெறவில்லை, எது முன்னே, எது பின்னே என்பன யாவும் இயல்பாக அமைந்தவை போலத் தோன்றுகின்றன. இயல்பாகத் தோன்றும் ஒழுங்கு எதுவாயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் அரிச்சுவடி. அவ்வரிச்சுவடியைக் கையிற் கொண்டு இப்பட்டியலை வாசிக்க முயல்வதே நமது நோக்கமாகும்.

தாளப்பொறி பற்றிய ஆராய்ச்சி தமிழ்ச்சங்க ஏட்டுக்கு உரியதுதானா என்று ஐயுறுவோர் இருக்கலாம். முழவுகளைப் பட்டியலிடுவதில் தமிழ் மரபுக்கு நெடிய பழக்கம் உண்டென்பதை அவர்களுக்கு நினைவூட்டுதல் தகும். தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார். உரையாசிரியர்களும் பிற்கால அகப்பொருள் நூலாரும் திணைதோறும் அதன் பெயரைத் தந்தனர். முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குச் சூறைகோட்பறை என அப்பட்டியல் செல்லும். ஏறு கொள்ளல், நெல் அரிதல், மீன் கொள்ளல், சூறையாடல் ஆகிய செயல்களே இங்குக் கருவிகளை வேறுபடுத்துகின்றன. பறை எதனாற் செய்யப்பட்டது என்பதன்று, எவ்வினையின்போது அடிக்கப்பட்டது என்பதே பெயராயிற்று.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் தரும் பட்டியல் வேறொரு சமூகத்துக்குரியது. தோற்கருவிகள் ஏறத்தாழ முப்பதை அடுக்கிச் சொன்ன பின் அவர் அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு முதலியனவாக வகுக்கிறார். மத்தளமும் சல்லிகையும் இடக்கையும் அகமுழவாய் உத்தமம் பெறுகின்றன, தண்ணுமையும் தக்கையும் மத்திமமாகின்றன, கணப்பறை அதமமாகிறது, சாவிற்குரிய நெய்தற்பறை புறத்துக்கும் புறத்தே தள்ளப்படுகிறது. கோயிலும் அரசவையும் மையமாகி, உழைப்போர் குடியிருப்பு ஊருக்குப் புறம்பான சமூகத்தின் நிலப்படம் அப்படியே முழவுகளின் நிலப்படமாகியுள்ளது. உரையாசிரியர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்பது நம் கருத்தன்று. அவர் இலக்கணம் கூறினார். சமூகம் தன்னைத்தானே எழுதிக்கொண்டது.

வினையால் வகுத்த பட்டியல் ஒன்று, தகுதியால் வகுத்த பட்டியல் ஒன்று. பண்டத்தால் வகுத்த மூன்றாவது பட்டியலே இனி நாம் நோக்கவிருப்பது.

*

மின்னியக்கத் தாளப்பொறியின் முன்னோடி எனக் கொள்ளத்தக்க 'றித்மிக்கொன்' முழவுப் பெயர் எதனையும் கொண்டிருக்கவில்லை. அமெரிக்க இசைவாணர் ஹென்றி கவலின் வேண்டுகோளுக்கிணங்க சோவியத் பொறியியலாளர் லியோன் தெரெமின் அதனை 1931இல் அமைத்தார். (1922இல் லெனின் முன்னிலையில் தமது முதலாவது மின்னிசைக் கருவியை இயக்கிக் காட்டியவர் இவரே.) துளையிட்ட சுழல்தட்டுகளினூடாக ஒளி பாய்ந்து ஒளிமின்கலத்தில் விழ, ஒவ்வொரு விசையும் ஓர் எண் விகிதப்படி துடிக்கும். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஐந்து எனத் தாளம் அங்கே தூய விகிதமாகவே கருதப்பட்டது. கொங்கா, ரும்பா, ஸ்னெயர் என்ற பேச்சே இல்லை. அக்கருவி சந்தைக்கு வரவில்லை. சந்தைக்கு வராத காரணத்தால் அதற்குப் பட்டியல் தேவைப்படவுமில்லை.

பட்டியல் பிறந்தது வீட்டு ஓர்கனோடு. போருக்குப் பிந்திய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையில் மின் ஓர்கன் இடம்பிடித்தபோது, தனியே வாசிப்பவருக்குத் துணையாகத் தாளம் தரும் பொறியொன்று தேவையாயிற்று. 1959இல் வுர்லிற்சர் கம்பனி வெளியிட்ட பொறியின் பெயர் 'சைட்மன்'. இசைக்குழுவிற் கூலிக்கு வாசிக்கும் பக்கவாத்தியக்காரரை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல் அது. எந்த உழைப்பாளியை அகற்றி அவ்விடத்தில் அமர வந்ததோ அவனது பெயரையே பொறி சூடிக்கொண்டது. இத்தகைய ஒளிவுமறைவற்ற பெயரீடு பொறிகளின் வரலாற்றில் அதிகம் இல்லை. வால்வுகளால் ஆக்கப்பட்ட 10 ஒலிகள் அதனுள் இருந்தன. சுழலும் தட்டொன்றின் தொடுபுள்ளிகள் 12 தாளக்கட்டுகளைத் தந்தன. வோல்ற்ஸ், பொக்ஸ்ட்ரொட், மார்ச் ஆகியவற்றோடு டாங்கோ, ரும்பா, சம்பா, சா-சா-சா என்பனவும் அவற்றுட் சேர்ந்தன. நடனக்கூடங்களில் 1930களிலிருந்து மாறி மாறி வந்த மோகங்களின் படிவு என்றே இதனைக் கூறவேண்டும். கியூபாவும் பிரேசிலும் பட்டியலினுள் நுழைந்த வாசல் இதுவே. அம்மக்களின் இசை அறியப்பட்டதால் அவர்தம் கருவிகள் சேர்க்கப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நடனச் சந்தை அவற்றை ஏற்கெனவே விழுங்கியிருந்ததால் சேர்க்கப்பட்டன.

யப்பானின் ஒசாக்கா நகரில் இக்குட்டாரோ கக்கேஹாஷி நடத்திய நிறுவனம் 1967இல் 'றிதம் ஏஸ்' என்ற டிரான்சிஸ்டர் பொறியை வெளியிட்டது. 16 தாளக்கட்டுகள் கொண்ட அப்பொறியை அமெரிக்காவின் ஹமண்ட் ஓர்கன் நிறுவனத்தார் தமது ஓர்கன்களுள் வைத்து விற்றனர். அதன் முகப்பில் கையால் அழுத்த நான்கு பொத்தான்கள் இருந்தன: சிம்பல், கிளேவ்ஸ், கவ்பெல், பேஸ் டிரம். நான்கில் இரண்டு கியூபாவின் நடன இசையோடு பிணைந்தவை. அமெரிக்க வாங்குவோருக்காக யப்பானியப் பொறியாளர் கியூப ஒலியைத் தெரிந்தனர்; யப்பானின் சொந்த முழவாகிய தைக்கோவைத் தெரியவில்லை. பண்டத்தை ஆக்குவோனின் பண்பாடு பண்டத்தில் இருந்தேயாகவேண்டும் என எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

கக்கேஹாஷி 1972இல் றோலன்ட் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 1980இல் வெளியிட்ட டீஆர்-808 என்ற பொறி, இன்றைய மென்பொருள்கள் அனைத்துக்கும் மாதிரியாகிவிட்டது. அதன் முகப்பைச் சிறிது ஊன்றி நோக்குவோம். 16 ஒலிகள், ஆயின் அவற்றுக்குரிய இடங்களோ 11 மட்டுமே. மின்சுற்றின் செலவைக் குறைக்கும்பொருட்டு ஓரிடத்தில் இரு கருவிகள் வைக்கப்பட்டு, எது ஒலிக்கவேண்டும் என்பதைச் சிறு ஆளி ஒன்று தீர்மானிக்கும். டொம் இருக்கும் மூன்றிடங்களிலும் கொங்கா பங்காளி. ஸ்னெயரின் விளிம்படியோடு கிளேவ்ஸ் பங்காளி. கைதட்டலோடு மராக்காஸ் பங்காளி. பேஸ் டிரமுக்கும் ஸ்னெயருக்கும் தனியிடம் உண்டு. ஒண்டுக்குடித்தனம் நடத்தியவை பெரும்பாலும் ஆபிரிக்க-கியூப மரபின் கருவிகளே. மின்னியல் நோக்கில் இதற்குத் தக்க நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. டொம்மும் கொங்காவும் ஏறத்தாழ ஒரே சுற்றினால் ஆக்கப்படக்கூடியன. ஆயினும் இரண்டுள் ஒன்று பொறியில் நிலைபெறவும் மற்றது ஆளியின் மறுபக்கத்தில் காத்திருக்கவும் நேர்ந்தமையை மின்னியல் மட்டும் விளக்காது.

அதே 1980ஆம் ஆண்டில் அமெரிக்கரான றொஜர் லின் எல்எம்-1 என்ற பொறியைக் கொணர்ந்தார். 808 ஒலியை மின்சுற்றால் ஆக்கியது. எல்எம்-1 மெய்யான முழவின் ஒலியைப் பதிந்து சில்லுகளிற் சேமித்தது. அதன் 12 ஒலிகளுள் தொங்கு சிம்பல் ஒன்றேனும் இல்லை. காரணம் அழகியலன்று. சிம்பலின் ஓசை நெடுநேரம் நீடித்து அடங்குவது. அதனைச் சேமிக்க அதிக நினைவகம் வேண்டும். அக்காலத்தில் நினைவகச் சில்லுகளின் விலை அதிகம். ஏறத்தாழ 5,000 டொலர் விலைகொண்ட பொறியிலுங்கூட அது கட்டுப்படியாகவில்லை. ஆகவே விரைந்து மடியும் ஒலிகள் தெரியப்பட்டன, நீண்டு வாழும் ஒலி விலக்கப்பட்டது. 1980களின் வெகுசன இசையில் நாம் கேட்கும் வறண்ட, துண்டிக்கப்பட்ட தாளத்துக்கு அழகியல் விளக்கம் தந்தோர் பலர். அதன் வேர்களுள் ஒன்று ஒரு கைக்கணக்கு.

808இன் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதன் சிம்பலுக்குரிய இரைச்சலைத் தந்தவை தரச்சோதனையிற் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள் எனக் கக்கேஹாஷி கூறியுள்ளார். குறைக்கடத்தித் தொழில் வளர்ந்து குறையுள்ள துண்டுகள் கிடைக்காமற் போனமை, 1983இல் அப்பொறியின் உற்பத்தி நிற்பதற்கு ஒரு காரணமாயிற்று. ஏறத்தாழ 12,000 பொறிகளே செய்யப்பட்டன. பழைய பொறிகள் மலிவாகக் கைமாறியபோது அவற்றை வாங்கியோருள் அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர் முக்கியமானோர். மெய்யான முழவுபோல் ஒலிக்கவில்லை என்று இகழப்பட்ட பொறி, அவர்கள் கையில் ஹிப்-ஹொப்புக்கும் டெக்னோவுக்கும் அடித்தளமாயிற்று. பட்டியலை விதித்தவர் ஒருவர். அதனைப் பயன்கொண்டவர் வேறொருவர். விதித்தவரின் எண்ணம் பயன்கொண்டவரைக் கட்டுப்படுத்தவில்லை.

*

பட்டியல் சட்டமானது 1991இல். பல நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் தம்முட் செய்தி பரிமாற 1983இல் 'மிடி' என்ற பொதுமொழி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பொறியிற் பேஸ் டிரமாக இருந்த எண், மற்றொன்றிற் கவ்பெல்லாக இருந்தது. விற்பனைக்கு இது தடை. அமெரிக்க, யப்பானிய உற்பத்தியாளர் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 'ஜெனரல் மிடி' என்ற வரையறையை வெளியிட்டன. அதன்படி 10ஆவது வழி தாளத்துக்குரியது. அதில் 35 முதல் 81 வரை 47 எண்களுக்கு 47 ஒலிகள். இன்று வீட்டுக்கணினியில் நிறுவப்படும் தாள மென்பொருள்களுட் பெரும்பாலானவை, வேறு எத்துணைப் புதுமை செய்தாலும், பேஸ் டிரமை 36இலும் ஸ்னெயரை 38இலும் மூடிய ஹை-ஹட்டை 42இலும் வைப்பது இவ்வரையறையின் வழியேயாகும்.

இவ்வெண்களைச் சற்றுப் பொறுமையோடு வாசித்தல் வேண்டும். பியானோவின் நடுவிசைக்குரிய எண் 60. அதற்கு இடப்பக்கத்தே, 35 முதல் 59 வரை, மேற்கத்திய முழவுத்தொகுதி அமர்ந்திருக்கிறது: பேஸ் டிரம் இரண்டு, ஸ்னெயர் இரண்டு, டொம் ஆறு, ஹை-ஹட் மூன்று, சிம்பல்கள் பல. தம்பூரின், கவ்பெல், வைப்ரஸ்லாப் ஆகியன விதிவிலக்காக உள்ளே புகுந்தவை. 60இல் பொங்கோ தொடங்குகிறது. பின்னர் கொங்கா, டிம்பாலே, அகோகோ, கபாசா, மராக்காஸ், விசில், குயிரோ, கிளேவ்ஸ், மரக்கட்டை, குயிக்கா, முக்கோணம் என 81 வரை செல்கிறது. பியானோவின் நடுவிசை ஓர் எல்லைக்கோடாகிறது. ஒருபுறம் முழவுத்தொகுதி, மறுபுறம் இலத்தீன் அமெரிக்கா. தபேலா, மிருதங்கம், தவில், பறை, கண்டி நடனத்தின் கெட்டபெர, அரபுலகின் தர்புக்கா, மேற்காபிரிக்காவின் ஜெம்பே ஆகியவற்றுக்கு எண் இல்லை.

தாளம் சாராத 128 ஒலிகளின் பட்டியல் இதனினும் வெளிப்படையானது. அதில் 105 முதல் 112 வரை உள்ள பகுதிக்கு 'இனக்குழுக் கருவிகள்' என்ற பொருளில் தலைப்பு இடப்பட்டுள்ளது. சித்தார், பான்ஜோ, ஷமிசென், கொட்டோ, கலிம்பா, பக்பைப், பிடில், ஷெனாய் ஆகிய எட்டும் அங்கே ஒருங்கே குடியேற்றப்பட்டுள்ளன. 41ஆம் எண்ணில் வயலின் இருக்கிறது. 111ஆம் எண்ணில் பிடில் இருக்கிறது. இரண்டும் ஒரே மரக்கருவி என்பதை யாவரும் அறிவர். கச்சேரி மண்டபத்தில் வாசிக்கப்படுங்கால் அது நரம்பிசை வரிசையில் இடம்பெறுகிறது. அயர்லாந்துக் குடியானவனோ அமெரிக்க மலைநாட்டானோ கையிலெடுத்தால் 'இனக்குழு' ஆகிறது. அகமுழவு, புறமுழவு என்ற பகுப்பை நம் முன்னோரின் பிற்போக்கு எனக் கருதும் மேனாட்டு நண்பர்க்கு 41ஐயும் 111ஐயும் காட்டலாம்.

47 எண்களுக்குள் உறங்கும் வரலாறோ இன்னும் ஆழமானது. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முழவொலி அவர்களை ஒன்றுதிரட்டியது. மறு ஆண்டிலேயே அங்கு இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முழவு வைத்திருப்பதைத் தடைசெய்தது. கியூபாவிலும் பிரேசிலிலும் முழவுகள் வழிபாட்டினூடாகப் பிழைத்தன. 67, 68 ஆகிய எண்களில் உள்ள அகோகோ, யொருபா மக்கள் கடல்கடந்து கொணர்ந்த இரட்டை மணி. கொங்காவின் மூதாதையரைக் கொங்கோப் பகுதியில் தேடவேண்டும். தோண்டிப் பார்த்தால், 60க்கு மேற்பட்ட எண்களுட் பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களின் பதிவேடு.

60க்குக் கீழே உள்ள 'மேற்கத்திய' முழவுத்தொகுதியும் அப்படியொன்றும் தூய மேற்கத்தியமன்று. நியூ ஓர்லியன்ஸ் அணிவகுப்புக் குழுக்களில் பேஸ் டிரமை ஒருவரும் ஸ்னெயரை ஒருவரும் சிம்பலை ஒருவருமாக மூவர் இயக்கினர். மண்டபத்தினுள் வாசிக்கையில் இடமும் கூலியும் குறையவேண்டியிருந்தது. 1909இல் லட்விக் சகோதரர் செய்த மிதிகட்டை, பேஸ் டிரமைக் காலுக்கு ஒப்படைத்தது. 1920களில் ஹை-ஹட் வந்து மறுகாலையும் வேலைக்கமர்த்தியது. மூவரின் உழைப்பை ஒருவர் செய்தார். ஏனைய இருவர் வேறு வேலை தேடினர். டொம் சீனரிடமிருந்து வந்தது. சிம்பலோ 17ஆம் நூற்றாண்டு முதல் இஸ்தான்புல்லில் வெண்கலம் வார்த்த ஆர்மேனியக் குடும்பமொன்றின் கைவினை. அக்குடும்பத்தின் தொழில் 1929இல் அமெரிக்காவில் நிலைகொண்டது. ஆக, தாளப்பொறி வருமுன்னரே முழவுத்தொகுதி ஓர் ஆட்குறைப்புப் பொறியாக இருந்தது என்பதை மறத்தலாகாது.

*

பேராசிரியர் க. கைலாசபதியின் ஆசானாகிய ஜோர்ஜ் தொம்சன், தாளத்தின் பிறப்பை உழைப்பிற் கண்டவர். அவர்க்கும் முன்னர் 1896இல் கார்ல் பூஹெர் உழைப்பும் தாளமும் பற்றி நூலெழுதினார். ஏற்றம் இறைக்கும் கையும் துடுப்பு வலிக்கும் தோளும் தாளத்தின் தாய் என்பது அவர்தம் துணிபு. மென்பொருளின் தாளமோ உடலினின்று முற்றாகப் பிரிந்து நிற்கிறது. ஆயினும் பிரிந்ததேயன்றி மறைந்துவிடவில்லை என்பதே நாம் வற்புறுத்த விழைவது.

மென்பொருளில் ஒரு முழவொலி எவ்வாறு அமைகிறது? கலைஞர் ஒருவர் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே முழவை மெல்லிதாகவும், சற்று வலிதாகவும், மிக வலிதாகவும் பலமுறை அடிக்கிறார். ஒவ்வோரடியும் தனித்தனிக் கோப்பாகிறது. கையின் விசை 1 முதல் 127 வரை எண்ணாக்கப்பட்டு, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்வரை இன்ன கோப்பு ஒலிக்கும் என வகுக்கப்படுகிறது. மூடிய ஹை-ஹட் ஒலித்ததும் திறந்த ஹை-ஹட்டின் ஓசை அறுபடவேண்டும் என்ற விதியும் உண்டு. மெய்யான கருவியில் இரண்டும் ஒரே நேரத்தில் இயலாவன்றோ? (ஒரு கருவியின் உடல் உண்மைக்கு இத்துணைக் கவனம் தந்த வரையறை, இருமுகம் கொண்ட கருவியில் ஒருமுகம் மற்றதன் கார்வையை மாற்றுவதற்கு ஏற்பாடு ஏதும் தரவில்லை.) அடித்த மனிதர் ஒருமுறை ஊதியம் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். அவரது அடி என்றும் அடித்துக்கொண்டேயிருக்கிறது. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்று குறிப்பிட்டதற்கு இதனினும் நேரடியான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

1969இல் 'த வின்ஸ்டன்ஸ்' என்ற குழு வெளியிட்ட இசைத்தட்டின் மறுபக்கப் பாடலொன்றில், கிரெகரி கோல்மன் என்ற கறுப்பின முழவுக்கலைஞர் நான்கு தாளச்சுற்றுத் தனித்து வாசித்தார். ஏறத்தாழ ஏழு விநாடிகள். 1980களிலிருந்து அந்த ஏழு விநாடிகள் வெட்டப்பட்டு, பேஸ், ஸ்னெயர், சிம்பல் எனத் துண்டாடப்பட்டு, ஆயிரக்கணக்கான பாடல்களில் மீளடுக்கப்பட்டன. பிரித்தானியாவின் ஜங்கிள் இசை முழுவதுமே அதன்மேல் எழுந்தது எனலாம். கோல்மன் 2006இல் அட்லாண்டா நகரில் வீடற்றவராக இறந்தார்; அந்த ஏழு விநாடிகளுக்காக அவர் எதுவும் பெறவில்லை. 2015இல் இரசிகர்கள் திரட்டிய ஏறத்தாழ 24,000 பவுண் குழுத்தலைவருக்குச் சென்றது. ஜேம்ஸ் பிரவுண் குழுவின் கிளைட் ஸ்டபிள்பீல்ட் வாசித்த தாளமும் இவ்வாறே எங்கும் பயின்றது. அவருக்கும் உரிமைப்பங்கு இல்லை. பாடலின் சொல்லும் மெட்டும் சட்டத்தின் கண்ணிற் படைப்பு. முழவடியோ வெறும் உழைப்பு. பதிப்புரிமைச் சட்டமும் அகமுழவு, புறமுழவு பார்க்கிறது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னிசைப் பொறிகளையும் தாளப்பொறிகளையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சங்கம் முழுவதும் அதனை ஏற்கவில்லை, செய்தித்தாள்கள் நகைத்தன. நாம் நகைக்கவேண்டியதில்லை. பொறியையும் பொறியின் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளர்க்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் நெசவாளரைப் பற்றிக் கூறியது முழவுக்கலைஞர்க்கும் பொருந்தும். தீர்மானத்தின் இலக்கு பிழை. அதன் பின்னிருந்த அச்சம் பிழையன்று.

*

அதே 1982இல் பம்பாயில் நிகழ்ந்த ஒன்று நமக்குச் சுவையானது. திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 808 உள்ளிட்ட றோலன்ட் பொறிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் மறுவெளியீடு பெற்றபின் காலத்தை முந்திய ஆக்கம் என உலகம் கொண்டாடியது. கொண்டாடியோர் கவனியாத ஒன்றுண்டு. இராகம் பத்து, தாளமோ ஒன்றே. பைரவிக்கும் லலிதுக்கும் பொறியில் இடம் கிடைத்தது, ஏழரையோ பத்தோ எண்ணும் தாளத்துக்குக் கிடைக்கவில்லை. 808ஐ 16 படிகளுக்குக் குறைவாக நிறுத்த வழியுண்டு. ஆயினும் முகப்பின் 16 பொத்தான்கள் நான்கு நான்காக எண்ணுமாறு விரலை அழைக்கின்றன. கட்டளையைவிட அழைப்பு வலிது.

இலங்கையின் மேடை இசைக்குழுக்களில் 'ஒக்டபாட்' என வழங்கும் எட்டுத் தட்டுக் கருவி, 1985இல் றோலன்ட் அறிமுகம் செய்த பொறியின் வழிவந்தது. எட்டுத் தட்டில் எதனை வைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு மேடைக்கலைஞனையும் தினமும் எதிர்கொள்கிறது. பைலா பாட்டுக்கு ஒரு வைப்பு, கோயில் திருவிழாவிற் பக்திப்பாடலுக்கு ஒரு வைப்பு. தபேலாவும் தவிலும் அவற்றுட் சேர்வதுண்டு. நிறுவனம் விதித்த ஒழுங்கைக் கலைத்து அடுக்கும் உரிமை இங்கே வாசிப்போன் கையில் வருகிறது. இலவசத் திறந்த மென்பொருளாகிய 'ஹைட்ரஜன்' போன்றவற்றில் அவ்வுரிமை இன்னும் விரிவானது. எவரும் தாம் பதிந்த ஒலிகளைக் கொண்டு தமக்குரிய முழவுத்தொகுதியை ஆக்கலாம். எவ்வொலிக்கும் எவ்வெண்ணையும் தரலாம்.

அவ்வாறாயின் பறையை எவ்வாறு வைப்பது? இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. தமிழகத்தின் வட்டச் சட்டப் பறையும் கிழக்கிலங்கைப் பறைமேளத்தின் உருளை வடிவ இருமுகக் கருவியும் பெயரால் ஒன்று, உடலால் வேறு. ஒலிக்கோப்பு விற்போர் இரண்டையும் 'இனக்குழு' என்ற ஒரே பெட்டியுள் இடுவர். சட்டப் பறைக்கு இரு குச்சிகள். கனத்த குச்சியின் நடுவடி வேறு, மெல்லிய குச்சியின் விளிம்படி வேறு, இரண்டும் சேர்ந்து விழுவது வேறு. தீயிற் காய்ச்சிய தோல் முதல் நாழிகையில் தரும் ஒலியும் இறுகல் தளர்ந்தபின் தரும் ஒலியும் ஒன்றல்ல. ஒற்றை எண்ணில் 'பறை' என்று வைத்துவிட்டு அமைதிகொள்வது புறப்புறமுழவு என்று எழுதி அமைதிகொள்வதற்கு நிகர்.

சிக்கலின் மறுபக்கத்தையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. நம் நாட்டிற் சாவீட்டுப் பறை பல தலைமுறையாகக் கலையாக அன்று, சாதிக் கட்டாய ஊழியமாகவே நிலவியது. 1966 ஒக்ரோபர் 21 எழுச்சியை ஒட்டிய சாதியெதிர்ப்புப் போராட்டக் காலத்தில், பறையடிக்க மறுப்பதே விடுதலையின் குரலாக ஒலித்தது. அடிக்காமல் விடப்பட்ட அந்தப் பறையின் மௌனத்துக்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது. மறுபுறம், 1990களிலிருந்து தமிழகத்துத் தலித் இயக்கங்கள் அதே பறையை எழுச்சியின் கருவியாகக் கையிலெடுத்தன. அடிக்க மறுத்தவனின் பேரன் விரும்பி அடிக்கிறான். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு கட்டங்கள் என்றே நாம் கருதுகிறோம். இந்நிலையிற் பதிவுசெய்யப்பட்ட பறையொலி இரட்டைத் தன்மை உடையதாகிறது. அடிப்பவனை ஊர்ப்புறத்தே நிறுத்தாமலே ஒலியை நுகர அது வழிசெய்கிறது. அடிமை ஊழியம் ஒழிகிறது. அடிப்பவனே இல்லாமல் ஒலியை நுகரவும் அதுவே வழிசெய்கிறது. அவன் பெயரும் கூலியும் ஒழிகின்றன. திரைப்பாடலொன்றில் குத்துத்தாளமாகப் பறைக்கோப்பு முழங்க, அதனை அடித்த கை யாருடையது என்று கேட்போரில்லை. தீட்டு ஒலிக்கு இல்லை, கைக்கு மட்டுந்தான் போலும்.

ஹைட்ரஜன் மென்பொருளில் முழவுத்தொகுதி ஒன்றைச் சேமிக்குங்கால் தொகுதியின் பெயர், ஆக்கியோன், குறிப்பு, உரிமம் முதலிய விவரங்கள் கேட்கப்படுகின்றன. ஆக்கியோன் என்ற இடத்திற் கோப்புகளை அடுக்கியவர் தம் பெயரை எழுதுவதே வழக்கம். அடித்தவருக்குத் தனியிடம் இல்லை. ஆயினும் குறிப்பு என்ற இடத்திற்கு அளவுவரையறை எதுவும் விதிக்கப்படவில்லை. அடித்தவரின் இணக்கத்தோடு அவரது பெயர், ஊர், கருவி, பதிந்த நாள், அவருக்கு வழங்கிய ஊதியம், இனி வரும் வருவாயில் அவரது பங்கு ஆகிய யாவற்றையும் அங்கே எழுதலாம்.